ஒரு முழம் கறுப்பு மண்: மூணாறு மலைப்புல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது?

போடியிலிருந்து மூணாறுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னலுக்குத்தான் போட்டி போடுவார்கள். ஒருமுறை இடம் கிடைக்காமல் நான் மலைப்பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய மண்சுவர்தான் வழியெல்லாம் கூடவே வந்தது. அடியில் செம்மஞ்சள் களிமண், நடுநடுவே பாறை. உச்சியில், புல் வேர்விட்ட இடத்தில், அடுப்புக்கரி நிறத்தில் ஒரு பட்டை. சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் ஒரு முழம். பிறகு அந்தப் பாதையில் எத்தனை தடவை போனாலும் என் கண் அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் தேடுகிறது.

அது எப்படி வந்தது என்று கேட்டால், "புல் மக்கி மக்கிச் சேர்ந்தது" என்பார்கள். பாதி சரி. புல் நேராக மண்ணாகிவிடுவதில்லை. செத்த வேரையும் தாளையும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்கின்றன. தின்றதில் ஒரு பங்கை மூச்சாக வெளியே விடுகின்றன, இன்னொரு பங்கைத் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. அப்புறம் அவையும் சாகின்றன. அவற்றின் செல்சுவர்த் துணுக்குகள் களிமண்ணின் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு எளிதில் அழியாமல் தங்கிவிடுகின்றன. புல்வெளிகளின் மேல்மண்ணில் இருக்கும் கார்பனில் சுமார் பாதி இப்படி இறந்த நுண்ணுயிர்களின் மிச்சம்தான் என்பது இன்றைய மதிப்பீடு. ரோட்டோரத்தில் நான் பார்த்த கறுப்பில் பாதி நுண்ணுயிர்களின் இடுகாடு.

இதே புல், இதே பூஞ்சை போடியிலும் உண்டே, அங்கே ஏன் மண் கறுக்கவில்லை? காரணம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். போடி கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மூணாறுக்குப் பக்கத்து இரவிகுளத்துப் புல்மேடுகள் 2,000 மீட்டருக்கு மேலே, ஆனைமுடி உச்சி 2,695 மீட்டர். அதாவது 10 டிகிரிக்கும் மேல் வித்தியாசம். 10 டிகிரி கூடினால் மண்ணில் மக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எங்கள் பக்கத்தில் கோடையில் ஆட்டுக்கிடை போட்டு எருவேற்றினால், அந்தச் சத்து ஒன்றிரண்டு வெள்ளாமைக்குத்தான் தாங்கும். மறுபடி கிடைக்காரரைத் தேடிப் போக வேண்டும். மலையிலோ சாப்பாடு வருகிற வேகத்துக்குச் சாப்பிடுகிற வேகம் ஈடுகொடுப்பதில்லை. குளிர் ஒரு பக்கம், அமிலமேறிப் புளித்த மண் இன்னொரு பக்கம், மாதக்கணக்கில் பெய்யும் மழை வேறு. இந்த மூன்றும் சேர்ந்து மக்கலை மெதுவாக்குகின்றன. வருஷா வருஷம் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மிஞ்சியது ஒரு முழம்.

ஒரு கிராம் நல்ல மேல்மண்ணில் பாக்டீரியா மட்டும் நூறு கோடி வரை இருக்கலாம். இனங்கள் ஆயிரக்கணக்கில். ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடிந்தது அவற்றில் நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். மற்றவை இருப்பதே மண்ணிலிருந்து நேராக மரபணுவைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: எந்த நேரத்தில் பார்த்தாலும் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். சாப்பாடோ ஈரமோ வந்தால் எழும், தீர்ந்தால் மறுபடி படுத்துவிடும். மலை மண்ணின் வேலை முறை பஞ்சகாலத்து வீட்டைப் போன்றது. வந்ததைப் பிடித்துக்கொள், வீணாக்காதே, காத்திரு.

சாப்பாடு வரும் முக்கிய வழி புல்லின் வேர். மலைப்புல்லைக் கொத்தோடு பிடுங்கிப் பார்த்தால் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதுதான் அதிகம். அந்த வேர்களில் குடியிருக்கிறது ஒரு பூஞ்சைக் கூட்டம். ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்பது அதன் பெயர். உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வேரின் செல்லுக்குள் நுழைந்து குட்டி மரம்போலக் கிளைவிடும். வெளியே, வேரின் தூவியால் எட்ட முடியாத மண் இடுக்குகளுக்குத் தலைமுடியைவிட மெல்லிய இழைகளை நீட்டும். செடி தயாரிக்கும் சர்க்கரையில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இதற்குக் கூலியாகப் போகிறது. சின்னக் கூலி இல்லை.

இவ்வளவு கொடுத்து வாங்குவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மலையின் புளித்த மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை வேர் உறிஞ்சி முடித்ததும் வேரைச் சுற்றி ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடும். அதைத் தாண்டிப் போய் எடுத்துவருவது பூஞ்சைதான். இந்த ஏற்பாடு நாற்பது கோடி ஆண்டுப் பழசு. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த கல்லாகிப்போன ஆதித்தாவரங்களுக்குள் இதே கிளைவிட்ட பூஞ்சை தெரிகிறது. தரையேறிய செடிகளுக்கு அப்போது ஒழுங்கான வேர்கூட இல்லை. பூஞ்சை இருந்தது.

தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, வேறு ஆட்கள். வட்டவடை பக்கம் கோவிலூரில் மலைப்பூண்டு போடும் உறவுக்கார மாமா ஒருவர் விதைப்பூண்டை அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்தில் புரட்டி நடுவார். அரிசிக் கஞ்சியில் பாக்கெட்டைக் கரைத்து, பல்லைப் போட்டுக் கிளறி, நிழலில் உலர்த்துவார். "இது எந்த ஊர்ப் பூச்சி மாமா?" என்று கேட்டேன். "கடைக்காரப் பய குடுத்தது, ஊரைக் கேட்டா வாங்குனேன்?" என்றார்.

ஊரைச் சொல்லியிருக்கலாம். இந்த பாக்டீரியாவை 1925இலேயே நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் விவரித்துவிட்டார், ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970களில் பிரேசிலில் யோஹானா டோபெரைனர் மேய்ச்சல் புல்லின் வேர்களை ஆராய்ந்தபோது அங்கே அது கூட்டமாக இருந்தது. அவரை, துவரை போன்ற செடிகளின் வேரில் முடிச்சுக்கட்டி வாழும் ரைசோபியம் மட்டும்தான் செடிக்குத் தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் என்று இருந்த எண்ணத்தை அது அசைத்தது. புல்லும், புல் குடும்பத்து நெல்லும் சோளமும், முடிச்சு இல்லாமலே இப்படிப்பட்ட கூட்டாளிகளை வைத்திருக்கின்றன. 1978இல் அசோஸ்பைரில்லம் என்ற பெயர் வந்தது. பிடித்துக் கொடுக்கும் தழைச்சத்தைவிட, அது சுரக்கும் வளர்ச்சிப் பொருளால் வேர் அதிகம் கிளைப்பதுதான் பெரிய லாபம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். ஆகவே மாமா வாங்கும் பாக்கெட்டின் சரித்திரத்தில் எந்த உரக்கம்பெனிக்கும் முன்னால் நிற்பது ஒரு புல்லின் வேர். மாமாவின் தோட்டத்துக்கு மேலே இருக்கும் புல்மேட்டுக்கு யாரும் பாக்கெட் வாங்கிப் போட்டதில்லை.

மலையில் ஒரு வருஷத்தை மண்ணுக்குள்ளிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஜனவரியில் மூணாற்றில் உறைபனி விழும். டூரிஸ்ட் வண்டிகள் விடிகாலையில் வெள்ளைப் புல்லைப் படமெடுக்க வரும். எஸ்டேட்டில் கொளுந்து கருகும். இதிலும் ஒரு பாக்டீரியாவின் கைவரிசை இருக்கிறது. சுத்தமான தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் உடனே உறைந்துவிடாது. பனிக்கட்டி கட்டத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்ஜே தன் மேல்தோல் புரதத்தால் அந்தப் பிடிமானத்தைத் தந்து, மைனஸ் இரண்டு டிகிரி அளவிலேயே பனிக்கட்டியை ஆரம்பித்துவைக்கும். செல் கிழிந்தால் சாறு கசியும், அதற்குச் சாப்பாடு. உரக்கடையில் நோய் தடுக்க விற்கும் சூடோமோனாஸ் இதன் பங்காளி. ஒரே குடும்பத்தில் ஒருவர் போலீஸ், ஒருவர் திருடர்.

குளிர்காற்று கனமானது, சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளத்துப் புல்வெளியில்தான் பனி அதிகம். சோலை மரத்தின் கன்று அங்கே முளைத்தாலும் கருகிப்போகும். புல்லின் வளரும் நுனி மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருப்பதால் தப்பித்துவிடும். மண்ணுக்குள்ளும் இதே கதைதான். உறைந்து உருகும்போது நுண்ணுயிர்களில் ஒரு பங்கு வெடித்துச் சாகும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செல்லுக்குள் சேர்த்து வைத்தவை பிழைத்து, செத்தவற்றின் சத்தைத் தின்னும்.

பிப்ரவரி, மார்ச்சில் மேல்மண் காய்ந்து பொடியாகும், தீ வரும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் ஏறியவர்கள் தீயில் சிக்கி இறந்ததைப் போடிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. ஆளைக் கொல்லும் அதே புல்தீ மண்ணுக்கு மென்மையானது என்பது கேட்கச் சங்கடமான உண்மை. புல் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். இரண்டு மூன்று விரல் ஆழத்துக்குக் கீழே சூடு அவ்வளவாக இறங்காது. இதே மேட்டில் வெட்டிப்போட்ட மரக்கட்டைகள் மணிக்கணக்கில் கனன்றால் நிலைமை வேறு. வேரும் பூஞ்சையும் வெந்துபோகும். மெழுகுபோல ஒரு பூச்சு மண்துகளில் படிந்து மழைநீரை உள்ளே விடாது.

அப்புறம் முதல் கோடை மழை. மண்வாசனை என்று நாம் மூச்சிழுப்பது ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள். ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியாக்கள் வித்துவிடும் காலத்தில் தயாரிப்பது. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். மண்ணில் துள்ளும் மிகச்சிறிய ஆறுகால் பிராணி ஒன்று இந்த வாசனையைத் தேடி வந்து, தின்று, வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டுபோய்ப் பரப்புகிறது என்று 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது அந்த வாசனை ஒரு விளம்பரம், ஆனால் நமக்கானது இல்லை. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கிடைத்ததும் இதே குடும்பத்திலிருந்துதான்.

வாசனையோடு இன்னொன்றும் நடக்கிறது. காய்ந்த மண் நனைந்த சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் மொத்தமாக விழித்து மூச்சுவிட, கார்பன் டை ஆக்சைடு குபீரென்று கிளம்பும். பூட்டிக்கிடந்த தழைச்சத்தும் அவிழும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பர்ச் என்பவர் 1950களில் இதை அளந்து எழுதியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. முதல் மழைக்குப் புல் ஒரே வாரத்தில் பச்சையாவதற்கு மழைத்தண்ணீர் மட்டும் காரணமில்லை.

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். காற்றில்லாத சேற்றில் மீத்தேன் விடும் கூட்டம் மேலோங்கும். சற்று மேலே, காற்றுள்ள மண்ணில், அந்த மீத்தேனையே தின்னும் இன்னொரு கூட்டம் இருக்கும். இதை இத்தோடு விடுகிறேன், தனியாக எழுத வேண்டிய விஷயம்.

குறிஞ்சியைச் சொல்லாமல் மூணாறைப் பற்றி எழுதினால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்த படத்தை எல்லோரும் எடுத்தார்கள். விதைவிட்ட பிறகு மலைமலையாகச் செடி செத்து நின்றதை யாரும் படமெடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் சேர்ந்த குச்சியும் வேரும் ஒரே நேரத்தில் சாகின்றன. மரச்சத்தைச் சிதைக்கும் பூஞ்சைகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து ஏது?

தண்ணீர்க் கதைதான் நம் பக்கத்துக்காரர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கேரளத்தின் 44 ஆறுகளில் மூன்று மட்டும் கிழக்கே ஓடுகின்றன: கபினி, பவானி, பாம்பாறு. வட்டவடை, காந்தலூர், மறையூர் பக்கத்து ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதி அணைக்கு வந்து, உடுமலை, தாராபுரம் வழியாகக் கரூர் போகின்றன. மழை நின்ற பிறகும் அந்த ஓடைகள் கசிவதற்கு மண்ணின் உள்கட்டு ஒரு காரணம். பூஞ்சை இழைகள் துகள்களை வலைபோலக் கட்டுகின்றன. பாக்டீரியாவின் பிசின் ஒட்டுகிறது. ஒட்டிய உருண்டைகளுக்குள் நுண்துளை, உருண்டைகளுக்கு நடுவே பெருந்துளை. பெருந்துளையில் மழை இறங்கும், நுண்துளையில் தங்கும். பூஞ்சை போனால் உருண்டை உடைந்து தூளாகும், துளை அடைபடும், மழை மேலோடு ஓடும்.

இதைக் கேட்டதும் "புல்லைக் காப்பாற்றினால் நிலச்சரிவே வராது" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு இரவிகுளத்துக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, புதைத்தது. இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அப்படிப்பட்ட மழையில், அவ்வளவு செங்குத்தான சரிவில், மண் தன் கொள்ளளவு நிறைந்ததும் சரியத்தான் செய்யும். சாதாரண வருஷத்து மழையை நுண்ணுயிர்கள் கட்டிய மண் பக்குவமாகப் பிடித்து விடும். அந்த அளவுக்குத்தான் என்னால் சொல்ல முடியும்.

இவ்வளவு வேலை நடக்கும் இடத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நாம் வைத்த பெயர் தரிசு. மரம் இல்லாத மலை என்றால் யாரோ வெட்டிவிட்டார்கள், நட்டுச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம். அது தவறு என்பதற்கான சாட்சி மண்ணிலேயே இருக்கிறது. இந்த மலைப்புற்களில் பெரும்பாலானவையும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறுவேறு. அதனால் கனமான கார்பன்-13 அவற்றில் சேரும் அளவும் மாறும். மக்கினாலும் அந்த அடையாளம் அழியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து இதை அளந்து 1993இல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அங்கே புல்தான் மேலோங்கியிருந்தது. கோடாரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்திருக்கிறது.

ஆனாலும் நட்டோம். தோல் பதனிடப் பட்டைக்காக ஆஸ்திரேலியாவின் சீகை (வாட்டில் மரம்), தேயிலைத் தொழிற்சாலை விறகுக்கு யூகலிப்டஸ், மலைக்காரர்கள் பேச்சில் 'கிராண்டிஸ்', அப்புறம் பைன். வட்டவடையை ஒட்டிய பழனி மலைகளில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. இரவிகுளம் தப்பியதற்குக் காரணம் சூழல் அக்கறை ஒன்றும் இல்லை, எஸ்டேட் துரைமார்களின் வேட்டைக்களமாக அது இருந்ததுதான். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடு சுடப்படுவதற்காக வைத்திருந்த இடம் வரையாட்டைக் காப்பாற்றியது.

மேலே மரம் மாறினால் கீழே ஆட்கள் மாறுகிறார்கள். பைனுக்குப் புல்லின் பூஞ்சை உதவாது. வேருக்கு வெளியே உறைபோலப் போர்த்தும் வேறு வகைப் பூஞ்சை வேண்டும். வெப்ப நாடுகள் பலவற்றில் அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் நட்ட பைன் கன்றுகள் மஞ்சளித்து நின்றுவிட்டன. பழைய பைன் தோப்பு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே வளர்ந்தன. ஒரு மரத்தை இறக்குமதி செய்தவர்கள் ஒரு மண்ணையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது என்று அர்த்தம். வாகமண் பைன் காட்டில் போட்டோ எடுப்பவர்கள் தரையையும் ஒரு தரம் பார்க்கலாம். ஊசி இலை மெத்தைதான் கிடக்கும், அதற்கு நடுவே புல்லைக் காண்பது அரிது.

சீகையின் குணம் இதற்கு நேர்மாறு. அது தன் வேரில் ரைசோபியத்தை வைத்துத் தழைச்சத்தைக் கொட்டுகிறது. நல்லதுதானே என்று தோன்றும். மலைப்புல்லும் அதன் கூட்டாளிகளும் பஞ்சத்துக்குப் பழகியவை. கொழுத்த மண்ணில் பூஞ்சைக்குக் கூலி கொடுத்து உழைக்கும் செடிக்கு மதிப்பில்லை. வேகமாக வளரும் களைகள் முந்திவிடும். நிழல் விழுந்து புல் சாக, புல்லின் வேரை நம்பிய பூஞ்சைக்கும் சாப்பாடு நிற்கிறது. மரத்தை வெட்டி அகற்றினாலும் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து பல ஆண்டுகள் இருக்கும். விதைகள் அதைவிட நீண்ட நாள், பத்தாண்டுக் கணக்கில், உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்து ஒட்டுமொத்தமாக முளைக்கும்.

ஆகவே புல்வெளியை மீட்பது மரம் வெட்டும் வேலையோடு முடிவதில்லை. வட்டவடைக்குப் போகும் வழியில் பழத்தோட்டம் என்ற ஊர்ப் பக்கம் சீகையை அகற்றி மலைப்புல்லை நட்டு வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட வேலையில் விதையைத் தூவுவதைவிட, வேரோடு பிரித்த புல் தூரை நடுவது நல்லது என்பேன். தூரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கைப்பிடி பழைய மண்ணும், அதற்குள் பூஞ்சையும் அசோஸ்பைரில்லத்தின் சொந்தக்காரர்களும் கூடவே வருவார்கள். வேரைக் கழுவிச் சுத்தமாக நட்டால் அவர்களை ஆற்றில் விட்டதாகிவிடும். சீகை அதிக காலம் நிற்காத இடத்தில் புல் சீக்கிரம் கூடும். முப்பது நாற்பது வருஷம் நின்ற இடத்தில் ஒவ்வொரு மழைக்கும் புல்லுக்கு முன்னால் சீகைக் கன்றுதான் எழும்பும். அது முழங்கால் உயரம் வருவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டும். அடுத்த மழைக்கு மறுபடியும்.